ஒன்பதாவது வளைவில் ஏன் வாந்தி வருகிறது?

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் மலை தொடங்கிவிடும். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் ஆட்டமும் பாட்டுமாக வந்த பிள்ளை ஏழாவது, எட்டாவது வளைவில் பேச்சை நிறுத்தும். கொட்டாவி விடும், எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கும், உதடு வெளுக்கும், நெற்றியில் குளிர்ந்த வியர்வை பூக்கும். "பித்தம் தலைக்கேறிடுச்சு" என்பார் பாட்டி. பித்தப்பை பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வினை தொடங்குவது காதுக்குள்.

ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் பிடித்துச் சட்டென்று திருகிப் பாருங்கள். டம்ளர் திரும்பிவிடும், தண்ணீர் பின்தங்கும். உள்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழல்களும் இப்படித்தான் வேலை செய்கின்றன. தலை திரும்பும்போது உள்ளே இருக்கும் திரவம் பின்தங்கி, குழலின் ஓரிடத்தில் உள்ள கூழ் போன்ற மடலை வளைக்கிறது. "திரும்புகிறோம்" என்று மூளைக்குச் செய்தி போகிறது. வண்டி நேரானதும் டம்ளர் நின்றுவிட்டது, தண்ணீர் இன்னும் ஓடுகிறது என்ற நிலை. மடல் எதிர்ப்பக்கம் வளைந்து, சில வினாடிகளுக்குப் பொய்ச்செய்தி அனுப்புகிறது. அது அடங்குவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். குழல்களுக்குப் பக்கத்திலேயே சுண்ணாம்புத் துகள்கள் பதிந்த இரண்டு பைகள் உண்டு. சாய்வையும் இழுப்பையும் அவை தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

கண் என்ன சொல்கிறது? பின்சீட்டுப் பிள்ளைக்குத் தெரிவது முன்சீட்டின் முதுகு, அல்லது கைபேசித் திரை. இரண்டும் அசையவில்லை. காது சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகாத இந்த முரண்தான் குமட்டலின் வேர். நரம்பு மண்டலத்தைக் குழப்பும் நஞ்சு எதையோ தின்றுவிட்டோம் என்று மூளை கருதி வயிற்றைக் காலி செய்யப் பார்க்கிறது என்று 1977இல் மிஷெல் டிரைஸ்மன் என்ற உளவியல் ஆய்வாளர் ஒரு விளக்கம் தந்தார். அது இன்னும் கருதுகோள்தான். காதின் பங்கு மட்டும் உறுதி. உள்காதின் சமநிலை உறுப்பு இரு பக்கமும் செயலிழந்தவர்களுக்குப் பயண வாந்தி வருவதில்லை.

இரண்டு வயதுக்குள் இந்தத் தொல்லை அரிது. பிறகு கூடிக்கொண்டே போய், ஒன்பது பத்து வயதில் உச்சம் தொடும். போன வருடம் ஒன்றும் ஆகாத பிள்ளை இந்த வருடம் வாந்தி எடுப்பதில் வியப்பில்லை.

குண்டும் குழியும்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். தடதடவென்ற குலுக்கல் முதுகை வலிக்கவைக்கும், ஆனால் குமட்டலைப் பெரிதாகக் கிளப்பாது. ஐந்து வினாடிக்கு ஒருமுறை அளவில் மெதுவாக ஆடும் ஆட்டம்தான் மிக மோசம். வளைவு, நேர், எதிர் வளைவு என்ற மலைப்பாதைத் தாளம் ஏறக்குறைய அதே வேகம்.

வேகக் கணக்கையும் போட்டுவிடலாம். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், பக்கவாட்டு இழுப்பு புவியீர்ப்பில் ஐந்தில் ஒரு பங்கு. 30இல் திரும்பினால் கிட்டத்தட்ட பாதி. வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் இழுப்பு இரண்டேகால் மடங்கு கூடும். ஆக, வாந்தியில் பாதிப் பொறுப்பு ஓட்டுநரின் காலுக்கு உண்டு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல், வெளியே வரும்போது ஆக்சிலேட்டரை மெல்ல மிதிக்க வேண்டும். ஓட்டுகிறவருக்குக் குமட்டல் வருவது அபூர்வம். அடுத்து எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பது அவர் மூளைக்கு முன்கூட்டியே தெரியும். "அடுத்தது வலது" என்று பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே போனால் அந்தச் சலுகையில் கொஞ்சம் அதற்கும் கிடைக்கும்.

பின்சீட்டின் நடுவிடத்தில் தோளும் இடுப்பும் சேர்த்துக் கட்டும் பெல்ட் இருந்தால், முன்கண்ணாடி வழியே சாலை தெரியும் அந்த இடமே நல்லது. உயரம் குறைந்த பிள்ளைக்குப் பூஸ்டர் இருக்கை போட்டால் பெல்ட்டும் கழுத்தில் ஏறாது, தொலைவும் கண்ணில் படும். வெளியே பார்க்கட்டும் என்று முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்வது மட்டும் கூடவே கூடாது. ஏர்பேக் விரியும் விசையைப் பிள்ளையின் தலையும் கழுத்தும் தாங்காது. கைபேசியை ஆழியாற்றிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். கதை கேட்கலாம், பார்க்கக் கூடாது. ஒன்பதாவது வளைவின் காட்சிமுனையைச் சுற்றி வரையாடு நிற்கிறதா என்று தேடச் சொன்னால் கண் தானாகத் தொலைவுக்குப் போகும்.

மாத்திரையில்தான் அதிகம் தவறு நடக்கிறது. குமட்டல் தொடங்கியதும் இரைப்பையின் அசைவு மந்தமாகிவிடும். அப்போது கொடுக்கும் மருந்து குடலுக்குப் போய்ச் சேராமல் வாந்தியோடு வெளியே வரும். புரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற பயண வாந்தி மருந்துகளை மலை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, அதாவது பொள்ளாச்சியிலேயே, கொடுத்துவிட வேண்டும். இரண்டு வயதுக்குள் இவை கூடாது. மற்றவர்களுக்கும் எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கம் வரும்; சில பிள்ளைகளுக்கு நேர்மாறாகத் துள்ளலும் வரும். வீட்டில் இருக்கும் ஒண்டான்செட்ரான் சிரப் வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கு உதவுவதுபோல இதற்கு உதவாது. அது அடைக்கும் வழி வேறு, காதிலிருந்து கிளம்பும் வழி வேறு.

வெறும் வயிறும் ஆகாது, பூரியும் நெய்ப்பொங்கலும் ஆகாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். ஏசி போட்டால் வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். டாஷ்போர்டில் தொங்கும் வாசனைப் பொருளைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டாவது கொட்டாவியிலேயே அகலமான ஓரத்தில் வண்டியை நிறுத்தினால், ஐந்து நிமிட நடையில் பல நேரம் அடங்கிவிடும். மூடி இறுக்கமாக உள்ள ஐஸ்கிரீம் டப்பா ஒன்று பிள்ளையின் காலடியிலேயே இருக்கட்டும், டிக்கியில் இருந்து பயனில்லை. ஜன்னல் வழியே தலையை நீட்ட விடாதீர்கள், எதிரே பேருந்து உரசிக்கொண்டு வரும் சாலை அது. வாந்தி எடுத்த உடனே வயிறு முட்டத் தண்ணீர் கொடுத்தால் அதுவும் வெளியே வரும். வாயை மட்டும் கொப்பளிக்கச் சொல்லி, பத்து நிமிடம் பொறுத்து, ஓஆர்எஸ் கரைசலை இரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாகக் கொடுங்கள்.