9900 என்று எழுதியிருக்கும் சார்ஜ் லைட்டை வாங்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடக் கிளம்பிய நேரத்தில் ஒரு தம்பி வந்தார். ஐடி கம்பெனியில் வேலை. லீவு நாளில் தன் காரைத் தானே கழற்றி மாட்டும் ஆர்வம் உள்ளவர். ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது எல்லாம் சுத்தமாகவே செய்வார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் முதுகு உருகிப்போன ஒரு எல்இடி லைட், வண்டி வேலை பார்க்கப் பிடிக்கும் சார்ஜ் லைட்.

"அண்ணே, ராத்திரி ஸ்கூட்டர் சீட் மேல வச்சு சார்ஜ் போட்டிருந்தேன். காலைல பார்த்தா சீட்ல உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. லைட் பாடி மத்தபடி நல்லாத்தான் இருக்கு. வேற நல்ல பேட்டரி போட்டுத் தர முடியுமா?"

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அந்த ஸ்கூட்டர் நிற்பது போர்டிகோவில். டேங்கில் பெட்ரோல். நேர் மேலே படுக்கையறை. வீட்டில் கைக்குழந்தை. சீட்டின் ஸ்பாஞ்ச் தீப்பிடிக்காமல் உருகியதோடு நின்றது அந்தக் குடும்பத்தின் நல்ல நேரம்.

இந்த வருஷத்தில் இப்படி என் மேஜைக்கு வந்த நாலாவது லைட் இது. அம்பத்தூர் பக்கம் இருபத்து மூன்று வருஷமாக ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். நேரில் வருகிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லி அனுப்புகிறேன். அது போதவில்லை என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த லைட்டை அவர் முன்னாலேயே பிரித்தேன். உள்ளே இரண்டு உருளை செல்கள், 18650 என்று சொல்கிற வகை. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். டார்ச், பவர் பேங்க், பழைய லேப்டாப் எல்லாவற்றிலும் இருப்பது இதுதான். இரண்டின் மேலும் பளபளப்பான நீல உறை. உறையில் 9900 எம்ஏஎச் என்று கொட்டை எழுத்து. செல்லில் எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்பதன் அளவுதான் எம்ஏஎச். உருகாத செல்லைப் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 31 கிராம். நல்ல 18650 செல் 45 முதல் 50 கிராம் வரை இருக்க வேண்டும். கெட்டுப்போன செல்லின் நீல உறையைப் பிளேடால் கீறினால், அடியில் இன்னொரு உறை. ஏதோ பழைய பேட்டரியிலிருந்து உரித்து எடுத்த செல்லுக்குப் புதுச் சட்டை மாட்டியிருக்கிறார்கள். ஒன்று கிழம், ஒன்று போலி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கோர்த்து, நடுவில் எந்தப் பாதுகாப்புச் சர்க்யூட்டும் இல்லாமல் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

அப்போதும் அந்தத் தம்பி கேட்டது என்ன தெரியுமா? "9900 இருந்ததாலதான் வாங்கினேன் அண்ணே. இன்னொரு லைட்ல 2600தான் போட்டிருந்தான்."

எனக்குத் தாங்காத இடம் இதுதான். படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே இல்லை. எல்லாரும் இந்த எண்ணைப் பார்த்தே வாங்குகிறார்கள். பொறுமையாகச் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். 18650 அளவுள்ள ஒரு செல்லில், பெயர் பெற்ற ஜப்பான், கொரியா கம்பெனிகள் செய்யும் விலை உயர்ந்த செல்லிலேயே, பொதுவாக 3500 எம்ஏஎச் அளவுக்குத்தான் அடைக்க முடிகிறது. சந்தையில் கிடைக்கும் நல்ல சாதா செல் 2000 முதல் 3000 வரை. அளவு மாறாத ஒரு டப்பாவுக்குள் மூன்று மடங்கு சரக்கை யாராலும் திணிக்க முடியாது. ஆழாக்குக்குள் மரக்கால் அரிசி கொள்ளுமா? உறையில் 9900 என்று அச்சடித்தால் உள்ளே 9900 வந்துவிடாது. 5000 என்று இருந்தாலும் பொய்தான், 6800 என்று இருந்தாலும் பொய்தான். அந்த எண்ணைப் போடத் துணிந்தவன் உள்ளே என்ன வைத்திருப்பான் என்று நினைத்துப் பாருங்கள். 2600 என்று போட்டவன்தான் உண்மையைச் சொன்னவன். நீங்கள் அவனை விட்டுவிட்டு இவனிடம் வாங்குகிறீர்கள்.

வாட் கணக்கும் இதே கதை. கை அகல லைட்டின் அட்டையில் 100 வாட் என்று இருக்கும். உண்மையிலேயே 100 வாட் இழுத்தால் அந்த லைட்டைக் கையில் பிடிக்க முடியாது, பேட்டரியும் சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். வெளிச்சத்துக்கு லூமன் பாருங்கள், லைட் எவ்வளவு வெளிச்சம் தரும் என்பதன் அளவு அதுதான். எவ்வளவு நேரம் எரியும் என்பதற்கு நான் பையன்களுக்குச் சொல்லித்தரும் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல உருளை செல் ஒன்றில் இருப்பது 10 முதல் 13 வாட்-மணி. ஒரு வாட்டை ஒரு மணி நேரம் கொடுத்தால் அது ஒரு வாட்-மணி. அட்டையில் 1000 லூமன், 8 மணி நேரம் என்று போட்டிருந்தால் 80 வாட்-மணி வேண்டும். அதாவது ஆறு முதல் எட்டு செல். உள்ளங்கையில் அடங்கும் லைட்டில் அத்தனை செல் எங்கே இருக்கிறது? அந்த லைட்டைக் கீழே வைத்துவிடுங்கள். 500 லூமன், 2 மணி நேரம், குறைத்து வைத்தால் இன்னும் அதிக நேரம் என்று ஒருவன் எழுதியிருந்தால், ஒரு நல்ல செல்லுக்கு அது நியாயமான பேச்சு. காசு அங்கே போகட்டும்.

பானெட்டைத் திறந்து வேலை பார்க்க 300 முதல் 500 லூமனே தாராளம். அதற்கு மேல் போனால் பெயின்ட்டிலும் குரோமிலும் பட்டு நம் கண்ணையே அடிக்கும். ஒரே லைட்டில் 1000 லூமன் வாங்குவதைவிட, 400 லூமனில் இரண்டு வாங்கி இடமும் வலமும் வையுங்கள். கை நிழல் விழாது. என் பட்டறையில் அப்படித்தான். டார்ச் மாதிரி ஒரே புள்ளியில் குவிக்கிற லைட் வேண்டாம், பட்டையாகப் பரவுகிற சிஓபி வகை நல்லது.

வெளிச்சத்தின் நிறத்தை யாரும் பார்ப்பதே இல்லை. வயரிங்கில் கை வைப்பவர்களுக்கு அதுதான் முக்கியம். மலிவு எல்இடி நீலம் கலந்த வெள்ளையாக அடிக்கும். அதன் கீழே சிவப்பு வயரும் பழுப்பு வயரும் ஒன்று போலத் தெரியும். என்னிடம் வேலை கற்ற பையன் ஒருவன் ராத்திரி நேரத்தில் இப்படி மாற்றிக் கோர்த்து ஃபியூஸ் போய், மறுநாள் முழுக்க வயரைத் தடவிக்கொண்டிருந்தோம். கசிவு பார்க்கும்போதும் அப்படித்தான்: கீழே சொட்டியிருப்பது எஞ்சின் ஆயிலா, சிவப்பு கியர் ஆயிலா, கூலன்ட்டா என்பதை நிறம்தான் சொல்லும். லைட் வாங்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு கொத்து வயர்த் துண்டுகள் கொண்டுபோவேன். சிவப்பு, பழுப்பு, ஆரஞ்சு, ஊதா, நீலம். கடையிலேயே லைட்டைப் போட்டு அதன் கீழே விரித்துப் பார்ப்பேன். எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தால்தான் பணம். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான எண் சிஆர்ஐ. அட்டையில் அது 80 அல்லது அதற்கு மேல் என்று இருந்தால் நல்லது, ஆனால் என் வயர்த் துண்டுகளைத்தான் நான் நம்புவேன்.

கடையிலேயே இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். லைட்டைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து ஒரு பேனாவை அதன் கீழே வேகமாக ஆட்டுங்கள். பேனா ஒரே புகையாகத் தெரியாமல் நாலைந்து தனித்தனிப் பேனாவாகத் தெரிந்தால் அந்த லைட் துடிக்கிறது, அதாவது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. போன் கேமராவில் பார்த்தால் கருப்புக் கோடுகள் ஓடும். கண்வலி வரும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. துடிக்கிற லைட்டின் கீழே, ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனும் பெல்ட்டும் சில வேகத்தில் நின்றுவிட்ட மாதிரி தெரியும். நின்றுவிட்டது என்று கையை விட்டால் விரல் இருக்காது.

சார்ஜ் விஷயத்துக்கு வருகிறேன். சுவர் பிளக்கில் நேராகக் குத்துகிற மாதிரி பின்புறம் இரண்டு பின் மடங்கி இருக்கும் லைட்களை வாங்கவே வாங்காதீர்கள். மலிவான பலவற்றில் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஒரு கெப்பாசிட்டர் வழியாக 230 வோல்ட் நேராக உள்ளே நுழைகிறது. பாடியில் ஒரு விரிசல் விழுந்து, சார்ஜில் இருக்கும்போதே சுவிட்சைத் தட்டினால் மெயின் கரன்ட் கையில். ஈரத் தரையில் செருப்பில்லாமல் நிற்பவர் என்ன ஆவார்? அந்தக் காலத்தில் கம்பிக் கூண்டு போட்ட 230 வோல்ட் ஹேண்ட் லேம்ப்பைப் பிடித்துத்தான் நான் வேலை கற்றேன். ஷாக் அடிக்கும். சூடான பல்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் வெடிக்கும். அந்தப் பயம் போக வேண்டும் என்றுதானே சார்ஜ் லைட்டுக்கு வந்தோம்?

யுஎஸ்பி-சி வைத்த லைட், ஐந்து வோல்ட் போன் சார்ஜர், அது போதும். புது லைட் சார்ஜ் ஏறவில்லை என்று சிலர் திருப்பிக் கொடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் சி உள்ள கேபிளில் மலிவு லைட் பலவும் ஏறாது. ஒரு பக்கம் பழைய அகல முனை உள்ள கேபிளில் போட்டுப் பாருங்கள், ஏறும். எரிந்து சூடாக இருக்கும் லைட்டை உடனே சார்ஜில் போடாதீர்கள், ஆறட்டும். 45 டிகிரிக்கு மேல் சூட்டில் லித்தியம் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றவே கூடாது. மே மாச வெயிலில் பூட்டிய காருக்குள் லைட்டைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். படுக்கை, சோபா, வண்டி சீட் எதன் மேலும் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். சிமென்ட் தரை, கிரானைட், டைல்ஸ் போதும். நீங்கள் தூங்கும்போது சார்ஜில் எதுவும் இருக்க வேண்டாம். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். சாயங்காலம் போட்டுவிட்டுப் படுக்கும் முன் எடுத்துவிடுங்கள்.

இந்தியாவில் விற்கும் இந்த மாதிரி லித்தியம் பேட்டரிக்கு ஐஎஸ் 16046 தரப்படி பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். பேட்டரியிலோ அட்டையிலோ 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும். கடையில் நின்றபடியே ஒரு நிமிஷ வேலை. இருநூறு ரூபாய் மிச்சத்துக்காக இதை விட்டுவிடாதீர்கள்.

லைட்டை ஒட்டி நிறுத்த அதன் பின்னால் இருக்கும் காந்தம் பற்றிச் சுருக்கமாக. ஆயில் படிந்த இடத்தில் ஒட்டினால் வழுக்கி ரேடியேட்டர் ஃபேன் மேல் விழும், துடைத்துவிட்டு ஒட்டுங்கள். அலுமினியத்தில் ஒட்டவே ஒட்டாது, அதனால் கொக்கியும் சேர்ந்து இருக்கிற லைட்டாகப் பாருங்கள். வீல் பேரிங் பக்கம் மட்டும் காந்தத்தைக் கொண்டுபோகாதீர்கள். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது ஏபிஎஸ். பல வண்டிகளில் அதன் சென்சாருக்கான காந்த வளையம் அங்கேதான் இருக்கிறது, அது கெட்டால் பேரிங்கையே மாற்ற வேண்டி வரும்.

பெட்ரோல் டேங்க், பெட்ரோல் பம்ப், லைன் எதையாவது கழற்றும்போது இந்த லைட் எதுவுமே பக்கத்தில் கூடாது. எல்இடிதானே, சூடு இல்லையே என்று சொல்லாதீர்கள். சுவிட்சில் ஒரு பொறி போதும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் பள்ளத்துக்குள் இறங்கித் தங்கும். நமக்கு வாசனை கூடத் தெரியாமல் காலடியில் கிடக்கும். பகலில், வாசலில், கதவைத் திறந்து வைத்து அந்த வேலையைச் செய்யுங்கள். பூட்டிய அறையில் கார் பேட்டரிக்குச் சார்ஜ் போட்டிருக்கும் இடத்திலும் இதே ஜாக்கிரதை வேண்டும், அங்கே ஹைட்ரஜன் இருக்கும்.

அந்தத் தம்பிக்கு நான் பேட்டரி மாற்றித் தரவில்லை. பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாத பாடியில் நல்ல செல்லைப் போடுவது இன்னும் ஆபத்து. நல்ல செல்லில்தான் சரக்கு அதிகம். அதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் போனை எடுத்து, வாங்க நினைத்திருந்த வேறு இரண்டு லைட்டைக் காட்டினார். ஒன்றில் 6800. இன்னொன்றில் 2600, 400 லூமன், இரண்டு மணி நேரம், பதிவு எண்ணோடு. இரண்டாவதை இரண்டாக வாங்கச் சொன்னேன். சேர்த்து ஆயிரத்து முந்நூறு ரூபாய்.

பழைய செல்கள் இரண்டையும் அவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. முனைகளில் டேப் ஒட்டி, பட்டறைக்கு வெளியே மணல் போட்ட டின்னில் மற்ற ஆறு செல்களோடு வைத்திருக்கிறேன். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி இவை குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. டின் நிறைந்ததும் மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் கொடுத்துவிடுவேன். உங்கள் வீட்டு அலமாரியில் உப்பியதோ உருகியதோ ஒன்று கிடந்தால், அதையும் இன்றைக்கே வெளியே எடுத்து வையுங்கள்.