கண் லென்ஸுக்கு ஆக்சிஜன் ஆகாது

கேட்ராக்ட், அதாவது கண் புரை, ஆபரேஷன் ஆரம்பிக்கிறப்ப கண்ணோட முன்பக்க கண்ணாடி மாதிரி இருக்கற கார்னியா ஓரத்துல சின்னதா ஒரு கீறல் போடுவாங்க. அந்த நேரத்துல, பேஷன்ட் முன்னாடியே சம்மதம் சொல்லியிருந்தா, கண்ணோட முன் அறையில இருக்கற தண்ணிய ஊசியில கொஞ்சம் உறிஞ்சி எடுத்து வச்சுக்கலாம். கொஞ்சம்னா ரொம்பவே கொஞ்சம், 0.1 மில்லி வந்தாலே பெருசு, ஏன்னா அந்த அறையில இருக்கறதே மொத்தம் கால் மில்லி தான். ஆபரேஷன்ல எப்படியும் வெளிய போற தண்ணி தான், நிமிஷத்துக்கு ரெண்டரை மைக்ரோலிட்டர் கணக்குல கண்ணே திரும்ப சுரந்துக்கும், அதனால பேஷன்ட்டுக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல. ஆனா உயிரோட இருக்கற மனுஷனோட கண்ணுக்குள்ள என்ன கெமிஸ்ட்ரி ஓடுதுன்னு பாக்க இத விட்டா பெருசா வேற வழி கிடையாது. ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் ஆராய்ச்சில கண் ஆபரேஷன் பேஷன்ட்ஸ் பேரு இவ்ளோ தூரம் அடிபடறதுக்கு காரணமே இந்தத் துளி தான்.

அந்த ஸ்ட்ரெஸ்னா என்னன்னு சுருக்கமா பாத்துடலாம். செல்லுக்குள்ள ஆக்சிஜன் எரியறப்ப அதுல ஒரு சின்ன பங்கு பாதியில நின்னு சூப்பர் ஆக்சைடா மாறிடும், அதை எஸ்ஓடின்னு ஒரு என்சைம் பிடிச்சு ஹைட்ரஜன் பெராக்சைடா மாத்தும், அப்புறம் கேட்டலேஸும் குளுடாதயோன் பெராக்சிடேஸும் சேர்ந்து அதை வெறும் தண்ணியாக்கிடும். இந்த சங்கிலி எங்கயாவது திணறினா மிச்சம் இருக்கற பெராக்சைடு இரும்பு மாதிரி உலோகத்தோட சேர்ந்து ஹைட்ராக்சில் ராடிக்கலா மாறி, பக்கத்துல எது இருக்கோ அதை கடிச்சு வைக்கும், கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எதுவும் விதிவிலக்கு இல்ல. உருவாகறதுக்கும் ஒடுக்கறதுக்கும் நடுவுல இருக்கற இந்த பேலன்ஸ் தவறிப் போறதுக்கு 1985ல ஹெல்மட் சீஸ்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி தான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ங்கற பேர நிலைநிறுத்தினார். லேப்ல ராடிக்கல நேரடியா பிடிக்கறது கஷ்டம், அதோட ஆயுசு அவ்ளோ கம்மி, அதனால அது கடிச்ச கொழுப்புலேருந்து உதிர்ற எம்டிஏன்ற பொருள அளந்து பாப்பாங்க.

சுகர் இருக்கறவங்க கண்ல எம்டிஏ தூக்கலாவும், பெராக்சைட ஒடுக்க செல் செலவழிக்கற குளுடாதயோன் கம்மியாவும் இருக்கறதா பல ஆய்வுகள்ல வந்திருக்கு, இதுக்கு நல்ல காரணமும் இருக்கு. அதிகமான குளுக்கோஸ ஆல்டோஸ் ரிடக்டேஸ்னு ஒரு என்சைம் சார்பிட்டாலா மாத்தறப்ப என்ஏடிபிஎச்ங்கற மூலக்கூற செலவழிக்கும், அதே என்ஏடிபிஎச் தான் பயன்படுத்தி முடிச்ச குளுடாதயோன திரும்ப உயிர்ப்பிக்கவும் வேணும். ஒரே கையிருப்புல ரெண்டு செலவு, சுகர் ஏற ஏற குளுடாதயோன் பக்கம் பஞ்சம்.

ஆனா இந்த நம்பர்கள எல்லாம் அப்படியே எடுத்துக்கக்கூடாது. பேஷன்ட்டோட ரத்தத்த டெஸ்ட் பண்ணிட்டு "ஆன்டிஆக்சிடன்ட் (ராடிக்கல ஒடுக்கற பொருள்) கம்மி, அதான் புரை வந்துச்சு"ன்னு சொல்றது எனக்கு சரியா படல, ஏன்னா கண் தனக்குன்னு ஒரு தனி கணக்கு வச்சிருக்கு. முன் அறை தண்ணில இருக்கற வைட்டமின் சி ரத்தத்துல இருக்கறத விட கிட்டத்தட்ட 20 மடங்கு அதிகம், சிலியரி பாடின்ற பகுதி அத ரத்தத்துலேருந்து பம்ப் பண்ணி உள்ள தள்ளிக்கிட்டே இருக்கும். பகல்ல நடமாடற விலங்குகளுக்குத் தான் இந்தச் சலுகை, ராத்திரி விலங்குகள் கண்ல சி ரொம்ப கம்மி. இன்னொரு சிக்கல், 1981ல புரை பேஷன்ட்ஸ் கண் தண்ணில ஹைட்ரஜன் பெராக்சைடு அதிகமா இருக்குன்னு அளந்து சொன்னாங்க, அப்புறம் பாத்தா அவ்ளோ வைட்டமின் சி இருக்கற திரவத்த வெளிய எடுத்து காத்து பட வச்சாலே டியூபுக்குள்ளயே பெராக்சைடு உருவாகிடுது, அதுல எவ்ளோ கண்ல இருந்தது எவ்ளோ டியூப்ல பிறந்ததுன்னு பெரிய விவாதமே நடந்துச்சு. க்ளாக்கோமா, அதாவது கண் நரம்பு கெடற நோய், இருக்கற பேஷன்ட்ஸ் கிட்டயும் ஒரு விசித்திரம், மொத்த ஆன்டிஆக்சிடன்ட் திறன் கம்மியா இருக்கறப்ப எஸ்ஓடி அளவு மட்டும் ஏறியிருக்கும். என்சைம் அதிகம்னா நல்லதுன்னு நினைச்சா தப்பு, தாக்குதல் நடக்கறதால ஏறினதாவும் இருக்கலாம்.

இப்ப லென்ஸுக்கு வருவோம், விஷயமே இங்க தான் இருக்கு. லென்ஸ்ல ரத்தக்குழாய் கிடையாது, உள்ள இருக்கற நார் செல்கள்ல நியூக்ளியஸ் இல்ல, மைட்டோகாண்ட்ரியா இல்ல, வெளிச்சத்துக்கு குறுக்க நிக்கற எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சிட்டு தான் அது கண்ணாடியா ஆகுது. விலை என்னன்னா, நடுவுல இருக்கற புரதங்கள் நாம பொறக்கறதுக்கு முன்னாடி செஞ்சது, 80 வயசுலயும் அதே தான், கெட்டுப்போனா மாத்தி வைக்க ஆளில்ல. காப்பாத்தறது குளுடாதயோன். அது வெளி அடுக்குல தயாராகி மெதுவா நடுவுக்கு ஊறி போகணும், நடுவயசுக்கு அப்புறம் அந்த வழியில ஒரு தடை உருவாகிடுதுன்னு ஆஸ்திரேலியாவுல ட்ரஸ்காட் குழு 1990கள் கடைசில காட்டினாங்க. ஓரத்துல குளுடாதயோன் தாராளமா இருக்கும், நடுவுல காலி, புரதங்கள் ஒண்ணோட ஒண்ணு சல்ஃபர் பிணைப்பு போட்டு கட்டியாகி வெளிச்சத்த சிதறடிக்க ஆரம்பிக்கும். இது தான் நியூக்ளியர் கேட்ராக்ட்.

அப்ப லென்ஸ் இவ்ளோ வருஷம் எப்படி தாக்குப்பிடிச்சுது? ஆன்டிஆக்சிடன்ட் மட்டும் இல்ல, ஆக்சிஜனயே கிட்ட வரவிடாம வச்சிருக்கறதால. இதுக்கு ஆதாரம் வேற ஒரு ஆபரேஷன்லேருந்து வந்துச்சு. விட்ரெக்டமின்னு ஒண்ணு, விழித்திரை ரிப்பேருக்காக கண்ணுக்குள்ள இருக்கற ஜெல்ல எடுத்துட்டு உப்புத் தண்ணி நிரப்புவாங்க. 50 வயசு தாண்டினவங்களுக்கு இத பண்ணினா பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள நியூக்ளியர் கேட்ராக்ட் வந்துடும், இத்தனைக்கும் லென்ஸ யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. அமெரிக்காவுல ஹோலிகாம்ப், பீபி குழு ஆபரேஷன் அப்பவே மெல்லிசான சென்சார் விட்டு ஆக்சிஜன அளந்தாங்க. ஜெல் இருக்கறப்ப லென்ஸ் பின்னாடி ஆக்சிஜன் ரொம்ப கம்மி, ஜெல் போனதும் விழித்திரை ரத்தக்குழாய்லேருந்து வர்ற ஆக்சிஜன் தண்ணில கலந்து சுத்தி லென்ஸ் வரைக்கும் வந்துடுது, முன்னாடி ஜெல்லும் அதுல இருக்கற வைட்டமின் சியும் சேர்ந்து வழியிலயே அத தீர்த்துக்கிட்டு இருந்தது. இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச பாயின்ட், சுகரால விழித்திரைக்கு ரத்த ஓட்டம் கெட்டுப்போனவங்களுக்கு இதே ஆபரேஷன் பண்ணினா இந்த வகை புரை அவ்ளோ வேகமா வர்றதில்ல, அவங்க கண்ல கசியறதுக்கே ஆக்சிஜன் இல்ல. 1984ல ஸ்வீடன்ல ஹைபர்பாரிக் ஆக்சிஜன் சிகிச்சைய (அழுத்தம் கூட்டின அறையில ஆக்சிஜன் சுவாசிக்கறது) நீண்ட நாள் எடுத்தவங்களுக்கும் லென்ஸ் நடுவுல புரை வந்தத கண்டாங்க, அதுவும் இதே கதை தான்.

சரி, புரைய எடுக்கற ஆபரேஷனே ராடிக்கல் உண்டாக்குதுங்கறது தெரியுமா? சார்லஸ் கெல்மன் 1967ல கொண்டு வந்த ஃபேகோ முறையில அல்ட்ராசவுண்ட் ஊசி நொடிக்கு பல்லாயிரம் தடவை துடிச்சு லென்ஸ உடைக்கும், அந்த துடிப்புல தண்ணிக்குள்ள நுண் குமிழிகள் உருவாகி நசுங்கறப்ப தண்ணி மூலக்கூறே பிளந்து ஹைட்ராக்சில் ராடிக்கல் வரும். அடிபடறது கார்னியாவோட உள்பக்க எண்டோதீலியம் செல்கள், பெரியவங்களுக்கு ஒரு சதுர மில்லிமீட்டர்ல 2500 போல இருக்கும், போனா திரும்ப வளராது, 500 பக்கம் இறங்கிட்டா கார்னியா நீர் கோத்து மங்கலாகும். சர்ஜன் உள்ள விடற கொழகொழ ஹைலுரோனேட் ஜெல் செல்லுக்கு மெத்தையா மட்டும் இல்லாம ராடிக்கலயும் பிடிக்குது. கண்ண கழுவற சில திரவங்கள்ல குளுடாதயோன் சேர்த்தே வருது, வைட்டமின் சி சேர்த்து முயல்கள்ல பண்ணின சோதனையிலயும் செல் இழப்பு குறைஞ்சுது.

அப்ப மாத்திரை? எல்லாரும் கேக்கற கேள்வி. அமெரிக்காவுல ஏஆர்ஈடிஎஸ்னு பெரிய ட்ரையல், 2001ல முடிவு வந்துச்சு, தினம் 500 மி.கி. வைட்டமின் சி, கூடவே வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் எல்லாம் வருஷக்கணக்கா கொடுத்து பாத்தாங்க, புரை விஷயத்துல ஒரு வித்தியாசமும் இல்ல. அதே கலவையில ஜிங்க்கும் சேந்தப்ப ஏற்கனவே மாக்குலா (விழித்திரையோட நடுப்பகுதி) சிதைவு ஓரளவுக்கு இருக்கறவங்களுக்கு அது முத்தறது 25 சதவீதம் போல குறைஞ்சுது, அது வேற நோய், வேற இடம். பீட்டா கரோட்டின் சிகரெட் பிடிக்கறவங்களுக்கு நுரையீரல் கேன்சர் ரிஸ்க்க கூட்டுதுன்னு தெரிஞ்சதால 2013ல வந்த ரெண்டாவது ட்ரையலுக்கு அப்புறம் அதை எடுத்துட்டு லூட்டீன், ஸியாசாந்தின்னு ரெண்டு நிறமிகள போட்டாங்க. புரைக்கு ஏன் வேலை செய்யலன்னா, என் கணிப்பு, கண் தண்ணில வைட்டமின் சி ஏற்கனவே பம்ப் தாங்கற அளவுக்கு நிறைஞ்சிருக்கு, பஞ்சம் இருக்கறது லென்ஸோட நடு மையத்துல, நீங்க முழுங்கறது எதுவும் அந்தத் தடைய தாண்டி அங்க போய் சேர்றதில்ல. சிகரெட்ட விட்டா நியூக்ளியர் கேட்ராக்ட் ரிஸ்க் குறையுதுங்கறதுக்கு மாத்திரைய விட நல்ல ஆதாரம் இருக்கு, சுகர கட்டுக்குள்ள வச்சா அந்த என்ஏடிபிஎச் செலவும் குறையும்.