எஞ்சினை வண்டிக்குள் இறக்கும் முன் செல்ஃபைச் சுற்றவைத்துப் பாருங்கள்

சாவியைத் திருப்பியதும் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். மாற்று எஞ்சினை உள்ளே இறக்கி, கியர்பாக்ஸ் மாட்டி, வயரிங் எல்லாம் முடித்த பிறகு வந்த சத்தம் அது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினால், ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தின் விளிம்பிலுள்ள ரிங் கியர் பற்களின் முனை பளபளவென்று சீவப்பட்டு, அதை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் அடியில் இரும்புத்தூள் கிடக்கிறது. ஃப்ளைவீல் ஒரு எஞ்சினுடையது, எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் இன்னொன்றுடையது, பல் கணக்கே வேறு. அன்றிலிருந்து ஒரு பல்லில் சாக்பீஸால் குறி போட்டு, சுற்றி எண்ணாமல் எந்த ஃப்ளைவீலையும் நான் மாட்டுவதில்லை.

மாட்டும் முன் பின்பக்க ஆயில் சீலைப் பாருங்கள். இப்போது மாற்றுவது சின்ன வேலை, பிறகு என்றால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். ஃப்ளைவீல் உட்காரும் கிராங்க் முகத்தில் ஒரு துரும்பு துரு ஒட்டியிருந்தாலும் ஃப்ளைவீல் கோணலாகச் சுற்றும், கிளட்ச் உதறும். அப்புறம் ஃப்ளைவீல் போல்ட். பல எஞ்சின்களில் இவை இறுக்கும்போது இழுபடும் வகை, ஒரு தடவைதான் பயன்படும், ஆகவே புதிது வாங்குங்கள், அந்த எஞ்சினின் மேனுவலில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து எதிரெதிராகப் படிப்படியாக இறுக்குங்கள். தயவுசெய்து இம்பாக்ட் கன்னால் அடிக்காதீர்கள். வேகமாகச் சுற்றும்போது ஃப்ளைவீல் கழன்றால் பெல் ஹவுசிங்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும், நிறைய வண்டிகளில் அதற்கு நேர் பின்னால்தான் ஓட்டுபவரின் கால்கள் இருக்கின்றன.

செல்ஃபை முதலில் வைஸில் இறுக்கிச் சோதியுங்கள், கையில் பிடித்தால் திமிறிக்கொண்டு முறுக்கிவிடும். பேட்டரியின் மைனஸ் அதன் உடம்புக்கு, பிளஸ் பேட்டரி கேபிள் வரும் பெரிய டெர்மினலுக்கு, அங்கிருந்து ஒரு வயரால் சோலினாய்டின் (செல்ஃபின் மேலிருக்கும் மின்காந்த சுவிட்ச்) சின்ன டெர்மினலைத் தொட்டால் பினியன், அதாவது ரிங் கியரில் கோக்கும் சின்னப் பல்சக்கரம், வெளியே குதித்துச் சுற்ற வேண்டும். சில விநாடி போதும். ஆனால் சும்மா சுற்றுவதை வைத்து சரி என்று சொல்லிவிட முடியாது, எஞ்சின் வெளியே இருக்கும்போதே பெல் ஹவுசிங்கோடு செல்ஃபை மாட்டி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஒருமுறை சுற்றவையுங்கள். பல் சுத்தமாகக் கோத்து, விட்டதும் பினியன் பின்வாங்குகிறதா?

வண்டியில் ஏற்றிய பின் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள், 12 வோல்ட் பேட்டரியில் அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியையோ செல்ஃபையோ சந்தேகிக்கலாம். பேட்டரியில் வோல்டேஜ் நன்றாக இருந்தும் மோட்டார் முனகினால் கேபிளைப் பாருங்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே வரும் தடித்த எர்த் வயரை மாட்ட மறந்தால் அவ்வளவு கரண்டும் கிளட்ச் கேபிள் வழியாகப் போகப் பார்க்கும், அது பழுத்துப் புகைவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் சாவியைத் தொடும் முன் குனிந்து அந்த வயரை ஒருமுறை கையால் இழுத்துப் பாருங்கள்.