சீல் குட்டிக்கு எத்தனை நாள் தாய்ப்பால்?

திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளத்தில் தண்ணீர் நின்றால்தான் கூழைக்கடா கூடு கட்டும். குஞ்சு வைக்க மரம் வேண்டும், இரைக்குப் பக்கத்தில் குளம் வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் வேறு ஊர் பார்த்துப் போய்விடும். துருவக் கடல்களில் வாழும் பாலூட்டிகளான சீல்களின் கணக்கும் அப்படித்தான். இரை கடலுக்குள் கிடைக்கும்; குட்டி போடவோ மேலே ஏறியாக வேண்டும். மரத்துக்குப் பதில் அங்கே பனிக்கட்டி.

திருநெல்வேலி வெயிலில் இருந்துகொண்டு யோசித்தால் குளிர்தான் பெரிய பிரச்சினை என்று தோன்றும். வளர்ந்த சீலுக்குத் தோலடியில் கெட்டியான கொழுப்பு இருக்கிறது. குளிரை அது பார்த்துக்கொள்ளும். காலுக்கடியில் உள்ள பனிக்கட்டி எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் கவலை.

வட அட்லாண்டிக்கின் ஹூடட் சீல், மிதந்து அலையும் பனிக்கட்டிப் பாளங்களில் குட்டி போடுகிறது. காற்றோ அலையோ எப்போது பாளத்தை உடைக்கும் என்று தெரியாது. அதனால் பால் கொடுப்பது நாலே நாள்! பாலூட்டிகளிலேயே இவ்வளவு குறைவு வேறெதற்கும் இல்லை. பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு. நாலு நாளில் குட்டியின் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

அண்டார்டிகாவின் வெடல் சீலுக்கு இந்த அவசரம் இல்லை. கரையோடு சேர்ந்து உறைந்த, அசையாத பனிக்கட்டி அதன் இடம். ஆறேழு வாரம் நிதானமாகப் பால் கொடுக்கும். கொலைகாரத் திமிங்கலமும் அவ்வளவு உள்ளே எளிதில் வராது. ஆனால் மூச்சுவிடப் பனிக்கட்டியில் வைத்திருக்கும் ஓட்டை உறைந்து மூடாமல் இருக்க, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பல்லாலேயே அறுத்துக்கொண்டிருக்க வேண்டும். வயதாக ஆகப் பல் தேயும். பல் போனால் மூச்சுக்கும் வழியில்லை, இரைக்கும் வழியில்லை. பத்திரமான வீட்டுக்கு இது கொஞ்சம் அதிக வாடகைதான்.

ஆர்க்டிக்கின் வளையச் சீல் நகத்தால் ஓட்டையைச் சுரண்டி வைத்துக்கொள்கிறது. உறைந்த கடல் மட்டும் இதற்குப் போதாது; அதன் மேல் பனி விழுந்து ஆழமாகக் குவிய வேண்டும். அந்தக் குவியலைக் குடைந்து அறை செய்து குட்டி போடும். பிறந்த குட்டிக்குக் கொழுப்பு குறைவு. காற்றிலிருந்தும் பனிக்கரடியிலிருந்தும் அந்தக் கூரைதான் காப்பாற்றுகிறது. வசந்தத்தில் முன்கூட்டியே மழை பெய்தால் கூரை இடிந்துவிடும். கீழே பனிக்கட்டி அப்படியே இருக்கும், குட்டியோ வெட்டவெளியில்.

இதன் நெருங்கிய உறவு பின்லாந்தின் சைமா ஏரியில் வாழ்கிறது. பனி குறைந்த குளிர்காலங்களில் அங்கே ஆட்களே பனியை வாரிக் குவித்து மேடு கட்டி வைக்கிறார்கள். சீல்கள் அடியிலிருந்து வந்து அதைக் குடைந்து குட்டி போடுகின்றன.