ரன்னிங் மேட்: உடன் ஓடுகிறவரா, உடன் நிற்கிறவரா?

அமெரிக்கத் தேர்தல் செய்திகளில் வரும் ‘ரன்னிங் மேட்’ என்ற சொல் குதிரை லாயத்திலிருந்து வந்தது. ஒரே முதலாளியின் இரண்டு குதிரைகளைப் பந்தயத்தில் இறக்குவார்கள். ஜெயிக்க வேண்டியது ஒன்றுதான். மற்றது அதற்கு வேகம் பிடித்துக் கொடுக்க ஓடும். இந்த இரண்டாம் குதிரைக்குத்தான் அமெரிக்கப் பந்தயக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ‘ரன்னிங் மேட்’ என்று பெயர் வைத்தார்கள். அந்த நூற்றாண்டு முடிகிற வாக்கில் சொல் அரசியலுக்குள் வந்துவிட்டது. அதிபர் வேட்பாளரோடு சேர்த்து நிறுத்தப்படும் துணை அதிபர் வேட்பாளரை அப்படி அழைக்கத் தொடங்கினார்கள்.

‘மேட்’ என்பதன் பழைய பொருள் இன்னும் சுவையானது. சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறவர், அதாவது ஒரே பந்தியில் உட்காருகிறவர். சரி, ‘ரன்னிங்’? அமெரிக்காவில் தேர்தலுக்கு ‘ஓடுவார்கள்’. பிரிட்டனில் ‘நிற்பார்கள்’. நம் ஊரிலும் தேர்தலில் நிற்பதுதான் வழக்கம். “உங்க தொகுதியில யாரு நிக்கிறாங்க?” என்றுதான் கேட்கிறோம். ‘ஓட்டத் துணை’ என்று யாராவது நேருக்கு நேர் பெயர்த்தால் அது தமிழில் கால் ஊன்றாததற்குக் காரணம் இதுதான். போதாக்குறைக்கு ‘ஓட்டு’ வேறு பக்கத்தில் வந்து நின்று குழப்பும்.

சொல் வருவதற்கு முன்பே பதவி இருந்தது, ஆனால் ஜோடி இல்லை. அமெரிக்காவின் முதல் தேர்தல்களில், மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. அதிக வாக்கு பெற்றவர் அதிபர், அடுத்து வந்தவர் துணை அதிபர். அதனால் 1796இல் ஜான் ஆடம்ஸ் 71 வாக்குகளோடு அதிபரானார். 68 வாக்குகளோடு அவருக்குத் துணையாக வந்தவர், அவரை எதிர்த்து நின்ற தாமஸ் ஜெஃபர்சன்! அடுத்த தேர்தலில் இன்னும் பெரிய கூத்து. ஜெஃபர்சனும் அவர் கட்சியைச் சேர்ந்த ஆரன் பர்ரும் ஆளுக்கு 73 வாக்கு பெற்றுச் சமமாக நின்றார்கள். பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்த பிறகுதான் ஜெஃபர்சன் அதிபரானார். இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததுதான் 1804இல் நடைமுறைக்கு வந்த, அரசியலமைப்பின் 12ஆவது திருத்தம். அதன்பின் அதிபருக்குத் தனி வாக்கு, துணை அதிபருக்குத் தனி வாக்கு.

அப்போதும் ஆளைத் தேர்ந்தெடுத்தது வேட்பாளர் அல்ல, கட்சிதான். வடக்கே ஒருவர் என்றால் மேற்கே ஒருவர் என்று மாநாட்டில் கணக்குப் பார்த்து ஜோடி சேர்த்தார்கள். இதை உடைத்தவர் ஃபிராங்க்ளின் ரூசவெல்ட். 1940இல் ஹென்றி வாலஸ்தான் வேண்டும், இல்லாவிட்டால் நான் நிற்கவே மாட்டேன் என்று அடம்பிடித்துச் சாதித்தார். ஆனால் 1944இல் கட்சிப் பெருந்தலைகள் வாலஸை ஒதுக்கிவிட்டு ஹாரி ட்ரூமனைக் கொண்டுவந்தார்கள். ட்ரூமன் துணை அதிபராக இருந்தது 82 நாள்தான். ரூசவெல்ட் இறந்துபோக, போரை முடிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. 1956இல்கூட அதிபர் வேட்பாளர் அட்லாய் ஸ்டீவன்சன் முடிவை மாநாட்டிடமே விட்டார். அதில் எஸ்டஸ் கெஃபாவரிடம் தோற்றவர் ஜான் கென்னடி. அப்படித் தோற்றது அவருக்கு நல்லதாகவே போயிற்று.

வேட்பாளரே தேர்ந்தெடுப்பது என்று ஆனபின் இன்னொரு சொல் முக்கியமாகிவிட்டது: ‘வெட்டிங்’, அதாவது ஆளைத் துருவிச் சோதிப்பது. இதுவும் குதிரைச் சொல்தான். பந்தயத்துக்கு முன் கால்நடை மருத்துவர் குதிரையைச் சோதிப்பதிலிருந்து வந்தது. நம் சந்தையில் மாட்டுக்குச் சுழி பார்ப்பது, பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல. 1972இல் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன் அவசரத்தில் இதைச் சரியாகச் செய்யவில்லை. அவர் தேர்ந்தெடுத்த தாமஸ் ஈகிள்டன், மனச்சோர்வுக்காக மின்னதிர்ச்சிச் சிகிச்சை எடுத்தவர் என்பது பிறகுதான் வெளியே வந்தது. 18 நாளில் அவர் விலக வேண்டியதாயிற்று. பாவம், இன்றைக்கு என்றால் அது இவ்வளவு பெரிய பழியாகியிருக்குமா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் வரிக்கணக்கு, மருத்துவக் குறிப்பு, பழைய பேச்சு என்று எல்லாவற்றையும் தோண்டிப் பார்ப்பது வழக்கமானது.

2000இல் நடந்தது தனிக்கதை. ஜார்ஜ் புஷ்ஷுக்கு ஆள் தேடும் பொறுப்பு டிக் செய்னியிடம் இருந்தது. தேடித் தேடிக் கடைசியில் அவரே அந்த ஆளாகிவிட்டார். பெண் பார்க்க அனுப்பிய தரகரே மாப்பிள்ளையான மாதிரி! அதில் ஒரு முடிச்சும் இருந்தது. தேர்வாளர்கள், தங்கள் மாநிலத்தவர்களாகவே இரண்டு பேரும் இருந்தால், இருவருக்கும் வாக்களிக்க முடியாது என்கிறது 12ஆவது திருத்தம். இருவருமே அப்போது டெக்சாஸ்வாசிகள். செய்னி அவசரமாகத் தன் வாக்காளர் பதிவைப் பழைய மாநிலமான வயோமிங்குக்கு மாற்றிக்கொண்டார். அந்த ஜோடி மொத்தம் பெற்றது 271 தேர்வாளர் வாக்கு. டெக்சாஸின் 32 போயிருந்தால் செய்னிக்குப் பெரும்பான்மை கிடைத்திருக்காது.

இனித் தமிழுக்கு வருவோம். செய்தித்தாள்கள் எழுதுவது ‘துணை அதிபர் வேட்பாளர்’. தவறில்லை. 2020இல் கமலா ஹாரிஸ் அறிவிக்கப்பட்டபோது, அவர் தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தைப் பற்றிய செய்திகளிலெல்லாம் இதுதான் வந்தது. ஆனால் இது பதவியின் பெயர், உறவின் பெயர் அல்ல. ‘பைடனின் துணை அதிபர் வேட்பாளர்’ என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் நொண்டும். ‘மாற்று வேட்பாளர்’ கூடவே கூடாது. நம்மூரில் அது, முதல் ஆளின் மனு தள்ளுபடியானால் இருக்கட்டும் என்று மனுப் போட்டு வைக்கிறவர். ‘சக வேட்பாளர்’ என்றால் எதிர்த்து நிற்பவரும் அதில் அடங்கிவிடுவார்.

என் தேர்வு ‘இணை வேட்பாளர்’. துணை என்றால் உதவிக்கு இருப்பவர். இணை என்றால் ஜோடி. அமெரிக்க வாக்காளரின் வாக்குச்சீட்டில் இருவர் பெயரும் சேர்ந்தேதான் இருக்கும். ஒருவருக்குப் போட்டு மற்றவரை விட முடியாது. இப்படிப் பார்த்தால் ஆங்கிலச் சொல்லே சற்று வழுக்கியிருக்கிறது. பந்தயக் குதிரைகள் தனித்தனியே ஓடுகின்றன. ஒன்று ஜெயித்து மற்றது தோற்கலாம். இவர்களோ ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள். குதிரை உவமை முழுசாகப் பொருந்துவது பிலிப்பைன்சுக்கு. அங்கே இரண்டு பதவிக்கும் தனித்தனி வாக்கு என்பதால், 2016இல் டுடெர்டே ஜெயித்தார், அவரோடு நின்ற கயெடானோ தோற்றார், துணை அதிபரானவர் எதிர் அணியின் லெனி ரொப்ரெடோ. இந்தோனேசியாவில் ஒரே வாக்கு. வேட்பாளர்களை அங்கே ‘பசாங்கான்’ என்கிறார்கள். பொருள், ஜோடி. நம் இணைக்கு அது நல்ல பக்கத்துணை.

அமெரிக்கத் தேர்தல் செய்திகளில் இன்னொரு வழுக்கல், கேபினட்டுக்கு நாம் எழுதும் ‘அமைச்சரவை’. கேபினட் என்றால் சிறிய அறை. அரசன் தனியே யோசனை கேட்ட உள்ளறை, பிறகு அந்த அறையில் கூடியவர்களையே குறிக்கலாயிற்று. நம் ‘அமைச்சர்’ வடமொழி ‘அமாத்ய’வின் வழி வந்தது என்பவர்கள், அதற்கு ‘வீட்டோடு இருப்பவர்’ என்று பொருள் சொல்வார்கள். ‘அமை’ என்ற தமிழ் வேரைக் காட்டுவோரும் உண்டு. முதல் கருத்து சரியென்றால், இரண்டு மொழியும் ஒரே வீட்டுக்குள் போய் நிற்பது வேடிக்கைதான்.

ஆனால் அமெரிக்க அவை நம் அவை மாதிரி இல்லை. அரசியலமைப்பில் ‘கேபினட்’ என்ற சொல்லே கிடையாது. துறைகளின் தலைமை அலுவலர்கள் என்றுதான் இருக்கிறது. வாஷிங்டனுக்கு இருந்தவர்கள் ஜெஃபர்சன், ஹாமில்டன், நாக்ஸ், ராண்டால்ஃப் என்று நாலே பேர். இன்றைக்கு 15 துறை. நம் அமைச்சர் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ இடம் பிடித்தாக வேண்டும். அங்கே இடம் இருந்தால் விட வேண்டும். வெளியுறவுத் துறைக்குப் போக ஹிலாரி கிளிண்டனும் மார்கோ ரூபியோவும் செனட் பதவியை விட்டுவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் பதவிப் பெயரும் ‘செயலர்’தான். அப்படியே எழுதினால் நம் வாசகர் ஐஏஎஸ் அதிகாரி என்று நினைத்துக்கொள்வார். ஆகவே ‘வெளியுறவு அமைச்சர்’ என்று எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இணை வேட்பாளரைக் கோடையிலேயே அறிவிப்பவர்கள் அமைச்சர் பட்டியலை மட்டும் ஏன் வாய்விட்டுச் சொல்வதில்லை? ஆதரவு திரட்டுவதற்காகப் பதவி தருகிறேன் என்று வேட்பாளர் வாக்குறுதி கொடுப்பது அங்கே கூட்டரசுச் சட்டப்படி குற்றம். பழைய காயமும் உண்டு. 1824இல் யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல், முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. ஹென்றி கிளேயின் ஆதரவில் ஜான் குவின்சி ஆடம்ஸ் அதிபராகி, கிளேயையே வெளியுறவுக்கு நியமித்தார். ‘ஊழல் பேரம்’ என்று, அதில் தோற்ற ஆண்ட்ரூ ஜாக்சனின் ஆட்கள் நாலு வருஷம் அதையே சொல்லிச் சொல்லி 1828இல் ஜெயித்தார்கள். அப்புறம், அதிபர் பெயர் சொன்னாலும் செனட் ஒப்ப வேண்டும். ஆகவே ‘நியமித்தார்’ என்பதைவிட, ஒப்புதல் வரும்வரை ‘முன்மொழிந்தார்’ என்பதே சரி.

கடைசியாக ஒரு பிரதேசச் சிக்கல். தமிழ்நாட்டில் எழுதும் ‘அதிபர்’ இலங்கை வாசகருக்குப் பள்ளித் தலைமை ஆசிரியர். அங்கே அமெரிக்க அதிபர் ‘ஜனாதிபதி’. அமெரிக்க அரசியலமைப்புக்கு 1967இல் வந்த 25ஆவது திருத்தம், துணை அதிபரும் அமைச்சர்களில் பெரும்பான்மையினரும் கையெழுத்திட்டால் அதிபர் செயல்பட இயலாதவர் என்று அறிவித்துத் துணை அதிபரே பொறுப்பேற்கலாம் என்கிறது. அப்படிப் பொறுப்பேற்பவரை இலங்கையில் ‘பதில் ஜனாதிபதி’ என்பார்கள். தமிழ்நாட்டு இதழ்கள் ‘தற்காலிக அதிபர்’ என்று எழுதுகின்றன. ‘பொறுப்பு அதிபர்’ என்பது எனக்கு இன்னும் கச்சிதமாகப் படுகிறது. பொறுப்பு ஆளுநர் நமக்குப் பழக்கப்பட்டவர்தானே.