‘உனக்கு ஏன் இப்படி இருக்கிறது?’ என்ற கேள்விக்குக் குழந்தையைத் தயார் செய்வது

உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தை, கன்னத்தில் பெரிய செந்நிற மறுவோடு பிறந்த குழந்தை, ஒரு காது மட்டும் வளராமல் நின்றுவிட்ட குழந்தை, முழங்கைக்குக் கீழே கை இல்லாத குழந்தை. குழந்தைகள் மனநல ஆலோசகர் என்ற முறையில் என் வேலை நேரத்தின் பெரும்பகுதி இவர்களுடைய பெற்றோரோடுதான் கழிகிறது. அறுவை சிகிச்சை, மருந்து பற்றியெல்லாம் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். என்னிடம் வந்ததும் ஏறக்குறைய எல்லோரும் கேட்பது ஒன்றே: “இதைப் பற்றிக் குழந்தையிடம் எப்போது சொல்லலாம்?”

ஐந்து வயது ஆகட்டும், பள்ளியில் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னால் நிம்மதியாக எழுந்து போவார்கள். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பெற்றோர் வாயைத் திறக்காவிட்டாலும் குழந்தைக்குச் செய்தி போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்கே அது புரிகிறது.

1985-ல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் சோர்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். கண்ணாடி பதித்த மேசை. பாதிக்கு மேல் போனால் தரை திடீரென்று கீழே இறங்குவது போலத் தோன்றும். மேசையின் மறுமுனையில் அம்மா நிற்கிறார். ஒரு வயதுக் குழந்தை தவழ்ந்து வந்து அந்த இடத்தில் தயங்குகிறது. நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. அம்மா மகிழ்ச்சியோடு பார்த்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் தாண்டி வந்துவிட்டார்கள். அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. ஒரு வார்த்தை பேசப்படவில்லை, முகம் மட்டும்தான்.

இப்போது அந்த மேசைக்குப் பதிலாக ஒரு லிஃப்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்தவர் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறார், பார்வை நகரவில்லை. குழந்தை அவரை ஒரு முறை பார்த்துவிட்டு உடனே உங்களைத்தான் பார்க்கும். உங்கள் உடம்பு விறைத்ததா, துண்டின் நுனியால் அதன் கன்னத்தை மூடினீர்களா, அடுத்த தளத்திலேயே இறங்கிவிட்டீர்களா? அத்தனையும் அதற்குப் பாடம்.

ஒரு சிறுவனை மறக்க முடியாது. வலது கன்னத்திலிருந்து தாடை வரை மறு. மூன்று வயது. புகைப்படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் சட்டென்று இடப்பக்கம் தெரியும்படி திரும்பி நின்றுகொள்வான். அவனை அப்படி நிற்கச் சொன்னவர் யாருமில்லை என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அவனுடைய அம்மா பேசிக்கொண்டிருந்தபோது நான் கவனித்தேன். அறைக்குள் வேறு யாராவது வந்தால் போதும், மடியில் இருந்தவனின் வலது கன்னம் அவருடைய தோளில் சாயும்படி அவர் கை தானாகத் திருப்பிவிடும். பேச்சு அறுபடாது, அவருக்கே தெரியாது. பிறந்த நாளிலிருந்து அந்தக் கை அதைச் செய்துவந்திருக்கிறது. அன்பினால்தான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பையன் கற்றுக்கொண்டதோ, என் முகத்தின் ஒரு பக்கம் வெளியே காட்டக்கூடாதது என்பதை.

குழந்தைகள் கண்ணாடியில் தெரிவது தாங்கள்தான் என்று அறிவது சுமார் ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள். மூன்று, நான்கு வயதில் மற்றக் குழந்தைகள் கேட்கத் தொடங்குவார்கள். இந்த வயதுக்கு ஒரு தனிக் குணம் உண்டு: நடப்பது எல்லாவற்றுக்கும் தான்தான் காரணம் என்று குழந்தை நினைக்கும். பெரியவர்கள் தன் முகத்தைப் பற்றி மட்டும் பேசாமல் நழுவினால், தான் ஏதோ தப்பு செய்ததால்தான் இப்படி ஆகிவிட்டது என்று அதுவே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடும். ‘சேட்டை செய்ததால் இந்தக் கை வளரவில்லையா?’ என்று கேட்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். கேட்பவர்களையாவது தேற்றிவிடலாம். கேட்காமலே அப்படி நம்பிக்கொண்டிருப்பவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

ஆகவே பேச்சை மிகச் சீக்கிரம், குளிப்பாட்டும்போதும் துணி மாற்றும்போதும் தொடங்கிவிடுங்கள். “இது கண், இது மூக்கு, இது உன் சிவப்பு மறு.” அவ்வளவுதான் முதல் பாடம். இரண்டரை, மூன்று வயதில் இன்னும் மூன்று வாக்கியம் சேர்க்கலாம்: “நீ அம்மா வயிற்றில் வளர்ந்தபோது உன் உதட்டின் இரண்டு பக்கமும் சேரவில்லை. டாக்டர் தைத்துச் சேர்த்தார். அந்தத் தையல் தழும்புதான் இது.” அதே வார்த்தைகளை அப்பாவும் தாத்தா பாட்டியும் அண்ணன் அக்காவும் சொல்ல வேண்டும். வீட்டில் ஆளுக்கொரு கதை சொன்னால், எதையோ மறைக்கிறார்கள் என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும். தேவதை தொட்ட இடம், நட்சத்திரம் விழுந்த இடம் என்று அழகான கதைகள் சொல்லும் பெற்றோரும் உண்டு. நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. ஆறு வயதில் வகுப்பில் அந்தக் கதையைச் சொல்லி, மற்றவர்கள் சிரித்த பிறகு, குழந்தை உங்களிடம் வேறு எதையும் நம்பிக் கேட்காது.

காரணத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். கரு உருவான நான்காவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் இடையிலேயே மேலுதடு சேர்ந்து முடிந்துவிடுகிறது. கர்ப்பம் என்று பல பெண்களுக்கு உறுதியாகத் தெரியாத காலம் அது. உலக அளவில் சுமார் 700 குழந்தைகளில் ஒன்று உதட்டுப் பிளவோடோ, வாயின் மேற்பகுதி சேராமல் நிற்கும் அன்னப் பிளவோடோ பிறக்கிறது. பெரும்பாலானவற்றில் இதுதான் காரணம் என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது. ‘நீ அப்போது அதைச் செய்தாய், அதனால்தான்’ என்று தாயைக் குற்றம்சாட்டும் பேச்சு வீட்டில் எழுந்தால், கணவர்தான் முன்வந்து நிறுத்த வேண்டும். குழந்தையின் காதில் விழும்படி அந்தப் பேச்சு ஒரு முறை நடந்தாலும் அதிகம்.

அடுத்தது, வெளியாட்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ் தன் 18-வது வயதில் வாகனத் தீவிபத்தில் முகம் கருகியவர். 1992-ல் ‘சேஞ்சிங் ஃபேசஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கி, உருவத்தில் வேறுபாடு உள்ளவர்கள் சமூகத்தைச் சந்திக்கும் வழிகளைக் கற்றுக்கொடுத்தார். அந்த அமைப்பு பரப்பிய முறை மிக எளிமையானது: விளக்கு, தைரியம் சொல், பேச்சை மாற்று. பூங்காவில் ஒரு சிறுமி உங்கள் மகளைக் காட்டி, “ஆன்ட்டி, இந்தப் பாப்பாவுக்கு ஏன் முகம் சிவப்பாக இருக்கிறது?” என்று கேட்கிறாள். “அது மறு, பிறக்கும்போதே வந்தது. வலிக்காது, ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. பாப்பாவுக்குச் சறுக்குமரம் என்றால் உயிர், நீயும் வருகிறாயா?” மூன்றே வாக்கியம். கேட்ட சிறுமிக்குக் கிடைப்பது ஒரு தகவல்தான். பக்கத்தில் நிற்கும் உங்கள் மகளுக்கோ அதைவிடப் பெரியது கிடைக்கிறது: என்னைப் பற்றி அம்மா கூச்சமில்லாமல் பேசுகிறார், இந்த வாக்கியத்தை நானும் சொல்லலாம். பல முறை கேட்டுக்கேட்டு, நான்கு வயதில் நீங்கள் வாயெடுப்பதற்குள் அவளே சொல்லிவிடுவாள்.

ஒவ்வொருவருக்கும் விளக்கம் கொடுத்தே தீரவேண்டும் என்பதில்லை. வரிசையில் நிற்கும்போது மருத்துவ வரலாறு முழுவதையும் விசாரிப்பவரிடம் “நன்றாக இருக்கிறாள்” என்று முடித்துக்கொள்ளலாம். “இன்றைக்கு அதைப் பற்றிப் பேச வேண்டாம்” என்று சொல்லக் குழந்தைக்கும் உரிமை உண்டு, அதையும் சொல்லிக்கொடுங்கள்.

இங்கே மற்றப் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை சத்தமாக அப்படி ஒரு கேள்வி கேட்டுவிட்டால் ‘உஷ்’ என்று அடக்கி இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் ஓடுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தக் குழந்தை தன்னிடம் ஏதோ பயப்படத்தக்கது இருக்கிறது என்று முடிவு செய்கிறது. ஒரு வணக்கம் சொல்லி, பெயரைக் கேட்டு, விளையாட விடுங்கள்.

சிகிச்சை பற்றிப் பேசும்போது வாக்குறுதிகளில் கவனம் தேவை. ‘தானாக மறைந்துவிடும்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது எல்லா மறுவுக்கும் பொருந்தாது. பிறந்து சில வாரங்களில் தோன்றி வேகமாகத் தடிக்கும் ஹெமாஞ்சியோமா என்ற ரத்தக்குழாய்க் கட்டி ஆண்டுகள் போகப்போகச் சுருங்கும். பெரியதாகவோ கண், மூச்சு போன்றவற்றைப் பாதிப்பதாகவோ இருந்தால் ப்ரோப்ரனலால் கொடுப்பார்கள். இதய நோய்க்கான அந்த மருந்து இதற்கும் பயன்படுவதைப் பிரான்ஸ் மருத்துவர்கள் 2008-ல் வெளியிட்டார்கள். பிறக்கும்போதே தட்டையாக இருக்கும் போர்ட் ஒயின் மறுவோ தானாக மறையாது. லேசர் சிகிச்சையில் வெளிறலாம். அது நெற்றியிலோ கண்ணிமையிலோ இருந்தால் கண் அழுத்தத்தையும் நரம்பு மண்டலத்தையும் பரிசோதிக்க வேண்டும். காது வளராத குழந்தைக்குச் செவித்திறன் சோதனைதான் முதலில். காதின் உருவம் பிறகு. உதட்டுப் பிளவுக்குப் பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்குள்ளும், அன்னப் பிளவுக்கு 9 முதல் 18 மாதத்துக்குள்ளும் அறுவை சிகிச்சை நடக்கிறது; பேச்சுப் பயிற்சியும், சிலருக்கு எட்டு வயதையொட்டி ஈறில் எலும்பு வைப்பதும் பின்னால் வரும். ஒரே ஆபரேஷனில் எல்லாம் முடிந்துவிடும் என்று குழந்தையிடம் சொல்லிவைத்தால், முடியாதபோது உடைவது அதன் மனம்.

சிகிச்சைக்கு முந்தைய புகைப்படங்களை அழித்துவிடாதீர்கள். உதடு தைத்த பிறகு, ‘அந்தப் பழைய சிரிப்பு போய்விட்டதே’ என்று அழும் அம்மாக்கள் நிறைய பேர். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அந்தச் சிரிப்பைத்தானே அவர்கள் முதலில் நேசித்தார்கள்? படங்கள் ஆல்பத்தில் இருக்கட்டும், குழந்தை பார்த்துக் கேட்கட்டும்.

வீட்டில் இன்னொரு சிக்கலும் வளர்கிறது. பாவம் என்று நினைத்து எதற்கும் கண்டிக்காமல் விடுவது, அல்லது எல்லாவற்றையும் நாமே செய்துகொடுப்பது. ஒரு கை இல்லாத குழந்தை பொத்தான் போட நேரம் எடுக்கும். முழங்காலுக்கு இடையே சட்டையைப் பிடித்து, பல்லால் இழுத்து, தனக்கென்று ஒரு வழி கண்டுபிடிக்கும். அந்த ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பது பெற்றோருக்கு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இருங்கள். அக்காவை அடித்தால் அக்காவுக்குக் கிடைக்கும் அதே கண்டிப்பு இந்தப் பிள்ளைக்கும் கிடைக்கட்டும்.

பள்ளியில் சேர்க்கும் முன் வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்தித்து, வீட்டில் சொல்லும் அதே வாக்கியங்களை எழுதிக்கொடுங்கள். முதல் நாளே குழந்தையை வகுப்பின் முன்னால் நிறுத்தி அறிமுகப்படுத்த வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். யாராவது கேட்டால் ஆசிரியர் பதில் சொல்லட்டும். ஒரு முறை கேட்பது ஆர்வம். பதில் தெரிந்த பிறகும் அதையே பெயராக வைத்துக் கூப்பிடுவது கேலி; அதை முதல் தடவையே ஆசிரியர் நிறுத்தியாக வேண்டும்.

மறு எவ்வளவு பெரியது, பிளவு எவ்வளவு ஆழமானது என்பதை வைத்துக் குழந்தையின் மனநிலையைக் கணிக்க முடியாது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சிறு தழும்போடு முடங்கிப்போகிறவர்களும் உண்டு, முகம் முழுக்க வேறுபாட்டோடு கலகலப்பாக வளர்பவர்களும் உண்டு. ஆகவே அளவைப் பார்க்காமல் நடத்தையைப் பாருங்கள். முன்பு விரும்பிப் போன இடத்துக்கு இப்போது போக மறுப்பது, பள்ளி நாட்களில் மட்டும் வயிற்றுவலி வருவது, கையாலோ தலைமுடியாலோ முகத்தை மறைத்துக்கொண்டே இருப்பது, தன்னைத் தானே திட்டிக்கொள்வது ஆகியவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் ஆலோசகரிடம் அழைத்துவாருங்கள்.

பெற்றோருக்கும் அப்படித்தான். குழந்தை பிறந்த முதல் மாதங்களில் துக்கம், கோபம், குழந்தையைப் பார்க்கவே தயக்கம் எல்லாம் வரலாம். தூக்கம் கெட்டு, அழுகை நிற்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கக்கூடும். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. குழந்தையின் தையலைக் காட்டப் போகும் அன்றே, ‘எனக்கும் முடியவில்லை’ என்று அதே மருத்துவரிடம் சொல்லுங்கள். யாரிடம் அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.