சொல்லைப் பிரிப்பது வேறு, சீரைப் பிரிப்பது வேறு

சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரிக்கும் பகுபத உறுப்பிலக்கணமும், செய்யுளின் சீரை அசை அசையாகப் பிரிக்கும் அலகிடுதலும் பல பிள்ளைகளுக்கு வெறும் மனப்பாடமாகவே முடிந்துபோகின்றன. இரண்டிலும் பிரித்தெழுத வேண்டியிருப்பதால், ஒன்றின் விதியை மற்றதில் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கடலூர்ப் பிள்ளைகளுக்குப் புணர்ச்சியை, அதாவது சொல்லோடு சொல் சேரும் விதத்தைச் சொல்லித்தர எங்கும் தேடவேண்டாம். ரயில் நிலையத்துப் பெயர்ப்பலகையே போதும்: திருப்பாதிரிப்புலியூர். திரு + பாதிரி + புலி + ஊர். இரண்டு இடத்தில் ‘ப்’ மிகுந்திருக்கிறது. புலிக்கும் ஊருக்கும் நடுவே, இரண்டு உயிரொலிகளை இணைக்க வந்த ‘ய்’ உடம்படுமெய். காரணமில்லாமல் ஒற்று வராது என்பது இங்கேயே மனத்தில் பதிய வேண்டும். பிறகு குறளை எடுங்கள்.

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக.

‘கசடற’வுக்குப் பின் ‘க்’ உண்டு, ‘கற்க’வுக்குப் பின் இல்லை. ‘அற’ செயவென் எச்சம், அதாவது ‘செய’ என்ற வடிவில் வந்து வேறொரு வினையைக் கொண்டு முடிவது; அதனால் வல்லின ஒற்று மிகும். ‘கற்க’ கட்டளையாக முடியும் வியங்கோள் வினைமுற்று, மிகாது. கல் பகுதி, ‘ல்’ ‘ற்’ ஆனது விகாரம், ‘க’ வியங்கோள் விகுதி. ‘கற்கக் கசடற’ என்று எழுதினால் ‘கற்பதற்கு’ என்ற எச்சமாகி, வள்ளுவர் இட்ட கட்டளையே காணாமல் போகும். ஆனால் அலகிடும்போது ஒற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. தனிக் குறிலோ நெடிலோ நேரசை, குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தால் நிரையசை. எப்படி எழுதினாலும் சீர் நேர் நேர், தேமாதான். ஓசையைக் கொண்டு இந்தப் பிழையைப் பிடிக்கவே முடியாது. பொருள் பார்க்காமல் அலகிட்டுப் பழகுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

‘கசடற’வில் சிக்கல் வேறு. பொருளுக்குக் கசடு + அற. அலகிடும்போதும் அப்படிப் பிரித்தால் முதலடி ஐந்து சீராகிவிடும். உகரம் கெட்டு ‘ட்’டோடு ‘அ’ சேர்ந்ததால் ‘ட’ இரண்டு சொல்லுக்கும் பொது. அசை கச/டறக்: நிரை நிரை, கருவிளம். சிலர் கச/ட/றக் என்று பிரித்து, நிரை நேர் நேர், புளிமாங்காய் என்கிறார்கள். தளை, அதாவது அடுத்தடுத்த சீர்கள் இணையும் விதம் பார்த்தால், காய்ச்சீரை அடுத்து ‘கற்’ என்ற நேர், வெண்சீர் வெண்டளை என்று பொருந்திவிடும்! தளை சரியாக வந்தது என்பதற்காக அசையையும் சரி என்று நம்பிவிடாதீர்கள். ஒரே சீரில் குறிலை ஒட்டிக் குறிலோ நெடிலோ வந்தால் இணைத்து நிரையாக்க வேண்டும். நடுவில் குறிலைத் தனியே விடக்கூடாது.

மற்ற சீர்கள் எளியவை: கற்பவை, கற்றபின் நேர் நிரை, கூவிளம்; நிற்க தேமா; அதற்குத் நிரை நேர், புளிமா. ‘தக’வுக்கு ‘நிரை’ என்று மட்டும் எழுதிவிட்டு மதிப்பெண்ணை விடுகிறவர்கள் நிறைய. குறளும் வெண்பாதான்; வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று தனி வாய்பாடு உண்டு, இங்கே மலர்.